பொது மேலாளரின் கணவர்

வரி ஏய்ப்புக்கும் வரித் திட்டமிடலுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்து, அந்தக் கோட்டின் மேலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கட்டணம் வசூலித்த அந்த மகானுக்கு இதுவரை எந்த நாட்டிலும் ஒரு சிலை எழுப்பப்படவில்லை. மனித குலத்தின் நன்றிகெட்டதனத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் மனிதனை ஓட வைத்தான், அவ்வளவுதான். ‘ஓடின செலவை வண்டிச் செலவில் எழுதிக்கொள்’ என்று சொன்னவனல்லவா அவனை உட்கார வைத்துக் காப்பாற்றினான்!

அப்படியொரு ஆலோசனையால் வாழ்வு மலர்ந்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரரின் வரலாறுதான் இது.

கடை, பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்தது. அகலம் எட்டடி, நீளம் பதினெட்டடி, நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் கண்ணாடி மேசை, சுழல் நாற்காலி, மின்விசிறி, முதலாளி. தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர், பிரிண்டர், பாலிமர் திரவத்தை விளக்கொளியில் இறுக்கி எழுத்தாக்கும் பெட்டி, கழுவும் தொட்டி, கத்தரி, பசை, ஒரு மூட்டை மரப்பிடி, மின்விசிறி இல்லாத வெக்கை, முதலாளியின் மனைவி.

வாடிக்கையாளர் வந்தால் முதலாளி “வாங்க” என்பார். பிறகு தடுப்பின் பக்கம் தலையைத் திருப்பி “ஏம்மா” என்பார். அரை மணி நேரத்தில் தடுப்புக்கு மேலாக ஒரு கை நீண்டு, முத்திரையை நீட்டும். முதலாளி அதை வாங்கி, ஒரு தாளில் ஒரு குத்து குத்திக் காட்டிக் காசை வாங்கிப் போடுவார். இருபத்திரண்டு வருடமாக அந்த நிறுவனம் இவ்வளவு செம்மையாக இயங்கிவந்ததற்கு முதலாளியின் நிர்வாகத் திறன்தான் காரணம் என்பதில் முதலாளிக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

தனக்கென்று ‘நிறுவனர் மற்றும் நிர்வாக இயக்குநர்’ என்று மூன்று அளவுகளில் முத்திரை வைத்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்தது என்னவோ ‘நிருவணர்’ என்றுதான். வந்தது ‘நிறுவனர்’ என்று வந்தது. கம்ப்யூட்டர் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று வியந்துகொண்டார்.

முத்திரைக் கடையில் ‘வரி’ என்பது இனிப்பான சொல். இரண்டு வரி முத்திரைக்கு ஒரு விலை, மூன்று வரிக்குக் கூடுதல் விலை, நான்கு வரி என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம். வரி கூடக் கூட வருமானம் கூடும். அந்த வருடம் பதினான்கு கிளை வைத்திருந்த ஒரு மருத்துவமனை, அறுநூறு முத்திரைக்கு ஆர்டர் கொடுத்தது. டாக்டர்களுக்கெல்லாம் பட்டங்கள் நீளம். யாருக்கும் நான்கு வரிக்குக் குறையவில்லை. லாபம் குவிந்தது. அப்புறம்தான் கணக்கு எழுதுகிறவர் ஒரு தாளில் ஒரு தொகையை எழுதி நீட்டினார். அதுவும் வரிதான். அதே சொல் அரசாங்கத்தின் வாயில் மட்டும் ஏன் இப்படிக் கசக்கிறது என்று முதலாளி அன்று மதியம் சாப்பிடாமல் யோசித்தார்.

சாயங்காலம் ‘நிதி நலவாழ்வு மைய’த்தின் படியேறினார்.

ஆலோசகரின் அறை குளுகுளுவென்று இருந்தது. மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. அதற்கும் யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஆலோசகர் கோட்டுப் போட்டிருந்தார். வருகிறவர்களின் கஷ்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம்.

“எங்க சார் வலிக்குது?” என்றார் கண்ணை மூடியபடி.

“மொத்தமாவே சார்,” என்று தாளை நீட்டினார் முதலாளி.

“உங்க வருமானத்துக்கு வந்திருக்கறது தேக்க நோய். எல்லாம் ஒரே ஆள் பேர்ல வந்து தேங்குது. தேங்கின இடத்துல கொசு வரும், வரி வரும். ரெண்டும் குடிக்கறது ரத்தத்தைத்தான். வருமானத்தைப் பிரிச்சு ஓட விடணும். வீட்ல யார் யார் இருக்கீங்க?”

“நானும் வீட்டுக்காரியும் சார். பொண்ணு வெளியூர்ல படிக்குது.”

“வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?”

“ஒண்ணும் பண்ணல சார். சும்மாதான் இருக்கா.”

“வீட்லயா?”

“இல்ல சார், கடையில.”

ஆலோசகர் ஒரு கண்ணைத் திறந்தார். “கடையில சும்மா இருந்து என்ன பண்றாங்க?”

“வேலை செஞ்சுக்கிட்டு சும்மா இருக்கா சார்.”

ஆலோசகர் இரண்டாவது கண்ணையும் திறந்தார். எழுந்து வந்து முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவ்வளவு பெரிய சொத்தைக் கையில வெச்சுக்கிட்டு இருபத்திரண்டு வருஷமா பயன்படுத்தாம இருந்திருக்கீங்களே சார்! சும்மா இருக்கற மனைவிதான் வரித் திட்டமிடலோட அஸ்திவாரம்.”

முதலாளிக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது.

திட்டம் எளிமையானது. உன்னதமான விஷயங்கள் எல்லாமே எளிமையாகத்தான் இருக்கும். கடையை ஒரு கம்பெனி ஆக்குவது. முதலாளி நிர்வாக இயக்குநர். மாதச் சம்பளம் அறுபதாயிரம். மனைவி பொது மேலாளர். மாதச் சம்பளம் நாற்பதாயிரம். இருவருக்கும் சம்பளம் கொடுத்தது போகக் கம்பெனியின் லாபம் இளைத்துவிடும். லாபம் இளைத்தால் வரியும் இளைத்துவிடும்.

“நாற்பதாயிரமா? அவளுக்கா?”

“பேப்பர்ல சார்.”

“பேப்பர்லயே இருந்தாலும், கொஞ்சம் ஜாஸ்தியா தெரியலயா?”

“பணம் எங்க சார் போவுது? ஒரு பாக்கெட்லேர்ந்து இன்னொரு பாக்கெட்டுக்குப் போவுது. பேன்ட் உங்களோடதுதான்.”

முதலாளி தன் பேன்ட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்தார். கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, நியமனக் கடிதத்தின் மாதிரியையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

கடையில் டைப் அடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். ஆகவே பொது மேலாளரின் நியமனக் கடிதத்தைப் பொது மேலாளரே டைப் அடித்தார்.

“இது யாருக்குங்க?”

“உனக்குத்தான். சும்மா பேப்பர்ல.”

“பணி நேரம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரைன்னு போட்டிருக்கு.”

“பேப்பர்ல.”

“ஞாயிற்றுக்கிழமை லீவாம்.”

“பேப்பர்லதான்மா.”

“சம்பளம் நாற்பதாயிரம்?”

“அதான் சொல்றேன்ல, பேப்பர்ல!”

“கீழ கையெழுத்து?”

“அதை மட்டும் நெஜமாவே போட்டுடு.”

மனைவி இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான அதிகாரிகளுக்குப் பதவியை எழுத்தெழுத்தாகக் கோத்துக் கொடுத்தவர். தன் பெயருக்குக் கீழே ஒரு பதவியை டைப் அடித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாதிரிக் கடிதத்தில் இருந்த நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, தனக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டார். நகல் எடுத்ததை நிர்வாக இயக்குநர் கவனிக்கவில்லை. அவருடைய பார்வை எப்போதும் பெரிய விஷயங்களின் மேல்தான்.

மாதக் கடைசியில் பொது மேலாளரின் கைபேசி ‘டிங்’ என்றது.

“பணம் வந்துடுச்சா?” என்று முன்னாலிருந்து குரல் கேட்டது.

“வந்துச்சுங்க.”

“அப்படியே என் கணக்குக்கு அனுப்பிடு.”

“எதுக்கு?”

“எதுக்கா? அது சுத்தி வர்ற பணம்மா. பாக்கெட்லேர்ந்து பாக்கெட்டுக்கு.”

“கடிதத்துல அப்படி இல்லையே. ‘மேற்படி ஊதியம் ஊழியர் ஒருவருக்கே உரியது’ன்னு ஏழாவது பத்தியில இருக்கு. நான்தான அடிச்சேன்.”

நிர்வாக இயக்குநர் ஏழாவது பத்தி வரை படித்திருக்கவில்லை. சரி, சம்பளம் வாங்கிய மயக்கம், நாலு நாளில் தெளிந்துவிடும் என்று விட்டார். ஆனால் அன்று ஆறு மணிக்குத் தடுப்புக்குப் பின்னால் விளக்கு அணைந்தது. பொது மேலாளர் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“எங்க கிளம்பிட்ட?”

“ஆறாச்சுங்க.”

“கடை எட்டு மணி வரைக்கும்மா!”

“கடைக்கு நேரம் எதுவும் போடலைங்க. எனக்குத்தான் போட்டிருக்கு.” சொல்லிவிட்டு, கோபமோ சிரிப்போ இல்லாமல், பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். நிர்வாக இயக்குநர் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பழையபடி வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொது மேலாளர் கடைக்கு வரவில்லை. தோழி ஒருத்தியுடன் மதியக் காட்சி சினிமாவுக்குப் போனார். கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படத்தில் குழந்தையாக நடித்தவர் இந்தப் படத்தில் அப்பாவாக நடித்திருந்தார் என்று திரும்பி வந்து சொன்னார்.

அதே ஞாயிறு கடைக்கு ஒரு தலைமை ஆசிரியர் வந்தார். மறுநாள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், முத்திரை அவசரம். “வாங்க,” என்றார் நிர்வாக இயக்குநர். பழக்க தோஷத்தில் “ஏம்மா” என்றும் சொன்னார். தடுப்பு பதில் சொல்லவில்லை. ஆகவே நிறுவனத்தின் வரலாற்றில் முதல் தடவையாக நிர்வாகம் உற்பத்திப் பிரிவுக்குள் காலடி எடுத்து வைத்தது.

மூன்று மணி நேரம் ஆயிற்று. கையில் பசை, சட்டையில் மை, ஒரு விரலில் கத்தரிக் காயம். ஆனாலும் முத்திரை வந்துவிட்டது. ரப்பரில் ‘தலைமை ஆசிரியர்’ என்ற எழுத்துகள் நேராக, பளிச்சென்று, யாரும் படிக்கும்படி இருந்தன. இத்தனை வருடமாக இவள் ஏன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டே ஓட்டியிருக்கிறாள், இந்தக் குறையை ஒரே நாளில் சரிசெய்துவிட்டோமே என்று நிர்வாக இயக்குநருக்கு நெஞ்சு நிறைந்தது.

திங்கட்கிழமை மதியம் தலைமை ஆசிரியர் ஒரு கட்டுச் சான்றிதழுடன் வந்து நின்றார்.

“நாற்பத்தாறு பிள்ளைங்க சார். குத்தினப்புறம்தான் பார்த்தேன். இனிமே ஒவ்வொரு சான்றிதழோடயும் ஒரு முகம் பார்க்கற கண்ணாடியும் சேர்த்துக் குடுத்து அனுப்பட்டுங்களா?”

பொது மேலாளர் வெளியே வந்தார். இருபது நிமிடத்தில் சரியான முத்திரையைக் கொண்டுவந்து கொடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் காசு வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் பொது மேலாளருக்கு உண்டா என்று கேட்க நிர்வாக இயக்குநர் வாயைத் திறந்தார். தலைமை ஆசிரியரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மறுபடியும் நிதி நலவாழ்வு மையம்.

“சார், அவ நெஜமாவே வேலையில சேந்துட்டா சார்!”

“ரொம்ப நல்லது. ஆவணம் வலுவாயிடுச்சு.”

“குடுத்த பணம் திரும்பியே வரல சார்.”

“அதைவிட நல்லது! திரும்பி வந்தாத்தான் போலின்னு சொல்வாங்க. சார், மத்த க்ளையன்ட் எல்லாம் பேப்பர்ல சம்பளம் குடுத்துட்டு வீட்ல புடுங்கிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் சட்டத்தை அப்படியே மதிக்கறீங்க. உங்களை மாதிரி உத்தமரை நான் பார்த்ததில்ல.”

உத்தமர் இரண்டாவது கட்டணத்தைக் கட்டிவிட்டு இறங்கினார். படியில் பாதி வரைக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இப்படியே மாதங்கள் ஓடின. எட்டு மணி வரை திறந்திருந்த கடை ஆறு மணிக்கு மூடத் தொடங்கியது. ஏனென்றால் ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களிடம் ‘வாங்க’ என்பதற்கு அப்பால் நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வருட முடிவில் வரிக் கணக்குத் தாக்கல் ஆனது. வரி இளைத்திருந்தது. வாக்குத் தவறாத ஆலோசகர்.

அப்புறம் வரி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ‘தங்கள் நிறுவனம் நிர்வாக இயக்குநரின் மனைவிக்குச் சம்பளம் வழங்கியதாகக் காட்டியுள்ளது. அவர் உண்மையில் பணிபுரிகிறார் என்பதற்கான ஆதாரத்தைச் சமர்ப்பிக்கவும். அலுவலர் நேரில் வந்து பார்வையிடுவார்.’

“ஒண்ணும் பயப்படாதீங்க,” என்றார் ஆலோசகர், கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே. “அம்மா என்னென்ன வேலை செய்றாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்க. அரைப் பக்கம் வர மாதிரி ஏதாவது சேர்த்து எழுதுங்க.”

லிஸ்ட்டையும் பொது மேலாளர்தான் டைப் அடித்தார். நான்கு பக்கம் வந்தது.

நிர்வாக இயக்குநர் அன்று ப்ளைவுட் தடுப்பில் சாய்ந்து நின்றுகொண்டு அதைப் படித்தார். எங்கேயாவது மிகைப்படுத்தியிருப்பாள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒரு பேனாவும் வைத்திருந்தார். வாடிக்கையாளரின் கையெழுத்தைப் புரிந்துகொண்டு எழுத்துப் பிழை திருத்துதல். எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்புதல். கழுவுதல், காயவைத்தல், வெட்டுதல், ஒட்டுதல். பாலிமர் கேன் சுமந்து வருதல். கடன் சொன்னவர்களுக்குப் போன் செய்தல். மின்கட்டணம். வாடகை. கணக்கு எழுதுகிறவருக்குத் தாள்களை அடுக்கித் தருதல். முதலாளியின் மாத்திரை. மருத்துவமனை ஆர்டருக்காகப் பதினான்கு கிளைகளுக்கும் நேரில் போய்ப் பட்டங்களைச் சரிபார்த்தல். இதைப் படித்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆர்டர் தன் முகராசியால் வந்தது என்றுதான் இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு பொய் கிடைத்தது. ‘கடையைப் பூட்டுதல்.’

“ஏம்மா, பூட்டறது நான்ல?”

“ஷட்டரை இழுக்கறது நான். சாவியைத் திருப்பறது நீங்க. சரி, ‘ஷட்டரை இழுத்தல்’னு மாத்திடறேன்.”

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மனசுக்குள் என்னவோ உறுத்தியது. அதற்கு அவர் வைத்த பெயர் வாயுத் தொல்லை. உண்மையைச் சொன்னால், அவருக்குள்ளே ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது: வருகிற அலுவலர் இந்தச் சம்பளத்தை வெட்டிவிட்டால் என்ன? கொஞ்சம் வரி கூடும். கூடினால் கூடட்டும். இவளும் பழையபடி சும்மா இருக்க ஆரம்பித்துவிடுவாளே!

அலுவலர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். ஒடிசலான மனிதர், கையில் குடை, ஒரு கைப்பை, ஒரு நோட்டு. ஆலோசகர் முன்கூட்டியே வந்து கோட்டுடன் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க சார். என்ன சாப்பிடறீங்க?” என்றார் நிர்வாக இயக்குநர்.

“ஒண்ணும் வேணாம். எனக்கு ஒரு ஸ்டாம்ப் வேணும்,” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார் அலுவலர்.

நிர்வாக இயக்குநர் அதை வாங்கி, படிக்காமலேயே தலையைத் திருப்பி, “ஏம்மா,” என்றார்.

அலுவலர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார்.

பொது மேலாளர் வந்து சீட்டைப் பார்த்தார். “சார், ‘கண்காணிப்பாளர்’ல முதல்ல வர்றது மூணு சுழி ‘ண்’. நீங்க ரெண்டு சுழி போட்டிருக்கீங்க.”

“பதினோரு வருஷமா நான் இப்படித்தான் எழுதறேன்,” என்றார் அலுவலர்.

“கையால எழுதினா அவசரத்துல எழுதினதா நினைச்சுக்குவாங்க சார். ஸ்டாம்ப்ல போட்டா தப்பாவே எழுதுவாருன்னு தெரிஞ்சுடும்.”

அலுவலர் காது சிவக்க, சீட்டைத் திருத்திக் கொடுத்தார். பிறகு தடுப்புக்குப் பின்னால் போய், ஒரு மரப்பிடி மூட்டையின் மேல் உட்கார்ந்து, அந்த வெக்கையில் முத்திரை உருவாவதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுழல் நாற்காலியைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். நிர்வாக இயக்குநரைப் பார்த்தார்.

“நீங்க என்ன வேலை பண்றீங்க?”

“நான் நிர்வாகம் சார்.”

“அதாவது?”

“மேற்பார்வை.”

“எதை?”

“இவங்க வேலை செய்யறதை.”

“எங்கேர்ந்து?”

“இந்த நாற்காலிலேர்ந்துதான் சார்.”

“நடுவுல ப்ளைவுட் இருக்கே?”

ஆலோசகர் பாய்ந்து வந்தார். “சார், அவரோட பங்களிப்பு தொலைநோக்குப் பார்வை சார்.”

“இதையும் தாண்டிப் பார்ப்பாரா?” என்று ப்ளைவுட்டைத் தட்டிப் பார்த்தார் அலுவலர். பிறகு பொது மேலாளரின் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா. சார் சும்மா இருக்காரா, வேலை செய்றாரா?” என்றார்.

பொது மேலாளர் கணவரைப் பார்த்தார். நிர்வாக இயக்குநரின் கண்கள் கெஞ்சின. கல்யாணம் ஆன புதிதில் ஒருமுறை, வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது அந்தக் கண்கள் அப்படிக் கெஞ்சியது உண்டு.

“அவர் நல்லவர் சார்,” என்றார்.

அலுவலர் அதையும் எழுதிக்கொண்டார். முத்திரைக்கு உரிய காசைப் பொது மேலாளரின் கையில் கொடுத்து, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

“பார்த்தீங்களா, ‘நல்லவர்’னு பதிவாயிடுச்சு,” என்று ஆலோசகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “கவலைய விடுங்க. வெட்டினா அம்மா சம்பளத்தைத்தான் வெட்டுவாங்க.” நிர்வாக இயக்குநர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. கடிதங்களைப் பிரிப்பதும் லிஸ்ட்டில் இருந்த வேலைதான். ஆகவே பொது மேலாளர் பிரித்து, நின்றபடியே உரக்கப் படித்தார்.

“‘பத்தி நான்கு. பொது மேலாளரின் பணி நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது. நிறுவனத்தின் உற்பத்தி, கொள்முதல், வசூல், கடிதப் போக்குவரத்து அனைத்தும் அவராலேயே நடத்தப்படுகின்றன. அவருடைய சம்பளம் உண்மையான செலவு என ஏற்கப்படுகிறது. இப்பணிக்கு இத்தொகை குறைவு என்பதும் குறித்துக்கொள்ளப்படுகிறது.’”

“குறைவா?” என்றார் நிர்வாக இயக்குநர்.

“‘பத்தி ஐந்து. நிர்வாக இயக்குநர் என்று குறிப்பிடப்பட்ட நபர் நிறுவனத்துக்கு வழங்கிய சேவை, இவ்வலுவலர் நேரில் கண்ட வரையில், “வாங்க” என்பதற்குச் சமமான ஒரு சொல்லும் “ஏம்மா” என்ற இன்னொரு சொல்லும் மட்டுமே. அவர் பொது மேலாளரின் கணவர் என்ற உறவைத் தவிர, இச்சம்பளத்துக்கு வேறு காரணம் காணப்படவில்லை. எனவே அவருக்கு வழங்கிய தொகை முழுவதும் செலவிலிருந்து நீக்கப்பட்டு, அதன் மீது வரியும் அபராதமும் விதிக்கப்படுகின்றன.’”

சுழல் நாற்காலி ‘கிறீச்’ என்றது. நிர்வாக இயக்குநர் ஆலோசகருக்குப் போன் போட்டார்.

“சார்! என் சம்பளத்தை வெட்டிட்டாங்க சார்! நான் போலியாம் சார்!”

“அமைதி, அமைதி. எனக்கும் நகல் வந்துச்சு. அப்பீல் போலாம். நீங்க வேலை செய்றீங்கன்னு ஆதாரம் வேணும். ஏதாவது இருக்கா?”

நிர்வாக இயக்குநர் கடையைச் சுற்றிலும் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“நாற்காலி தேஞ்சிருக்கு சார்.”

“அது தேய்மானக் கணக்குல வரும் சார், சம்பளத்துல வராது.” பிறகு ஆலோசகர், வழக்கமில்லாத வழக்கமாகத் தணிந்த குரலில் கேட்டார். “கடைசிப் பத்தி படிச்சீங்களா? படிச்சுடுங்க. அதுக்கு என்கிட்ட ஆலோசனை எதுவும் இல்ல. இன்னிக்கு ஃபீஸும் வேணாம்.”

போன் வைக்கப்பட்டது. கட்டணம் வேண்டாம் என்று ஆலோசகர் சொல்லிக் கேட்டதில்தான் நிர்வாக இயக்குநருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

“கடைசிப் பத்தியில என்ன போட்டிருக்கு?”

மனைவி படிக்கவில்லை. தாளை அவர் பக்கமாகத் திருப்பி மேசையின் மேல் வைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக்கூட்டினார்.

‘பத்தி ஆறு. பொது மேலாளர் இதே பணியை இதற்கு முந்தைய இருபத்திரண்டு ஆண்டுகளும் செய்துவந்ததாக விசாரணையில் தெரிகிறது. அக்காலத்தில் அவருக்குச் சம்பளம் வழங்கியதாக எந்தக் கணக்கிலும் காணப்படவில்லை. அது ஏன் வழங்கப்படவில்லை என்ற கேள்வி இத்துறையின் அதிகார வரம்புக்குள் வராது.’

இரண்டு முறை படித்தார். சந்தில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வாசலில் யாரோ வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் “வாங்க” என்று சொல்லவில்லை.

“அதிகார வரம்புன்னா என்னம்மா?”

“அவங்க கேக்க வேண்டிய கேள்வி இல்லைன்னு அர்த்தம்.”

“அப்ப யார் கேக்கணும்?”

மனைவி உத்தரவை நான்காக மடித்தார்.

“நீங்க கேட்டிருக்கலாம். கேக்கல. நானாவது கேட்டிருக்கலாம். நானும் கேக்கல. பாவம், யாரோ ஒருத்தர் ஆபீஸ்லேர்ந்து பஸ் பிடிச்சு வந்து, இந்த வெக்கையில உக்காந்து பார்த்துட்டு, என் வேலை இல்லைன்னு சொல்லிக்கிட்டே கேட்டுட்டுப் போயிருக்காரு.”